தீவிற் குடியேறுமுன்



அரசாங்க உத்தியோகத்தில் இருப்போர்க்கு இடமாற்றக் கடிதம் புதிதன்று. ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்குச் செல்லுமாறு கட்டளை வரும். பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு வண்டியேறுவோம். மறந்துவிட்ட பொருள் ஏதேனும் இருப்பின், சென்ற ஊரின் கடையில் மறுநாள் வாங்கிக்கொள்வோம். ஆயின், அக்கடிதத்திற் குறிக்கப்பட்ட ஊர் கடல் சூழ்ந்த ஒரு தீவாக இருக்குமாயின் நிலைமை வேறு. மறந்த பொருளுக்கும் நமக்கும் இடையே கடல் கிடக்கும். அக்கடலைக் கடப்பது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்றின் விருப்பத்தையும் பொறுத்தது. ஆதலின், வெப்பமண்டலத் தீவொன்றிற் குடியேறப் போகின்றவர் எவ்வகையான ஆயத்தங்களைச் செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். எனவே, நெடுந்தீவை எடுத்துக்கொள்கின்றேன். 2012 ஆம் ஆண்டில் இடமாற்றம் பெற்று அங்கு சென்று, சில ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தேன். அங்கு நான் சரியாகச் செய்தவற்றினும் பிழையாகச் செய்தவையே பிறர்க்குக் கூடுதலாகப் பயன்படும் என எண்ணுகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சார்ந்த பெரிய தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 4,000 பேர். போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. அப்பெயர்கள் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது. சாந்து பூசாது பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும், கட்டாக்காலியாக மேயும் குதிரைகளும், பருத்த பெருக்கமரமும் பார்க்க வருவோரின் கண்ணைக் கவர்வன. பார்த்துவிட்டு மாலைப் படகில் திரும்புகின்றவர்க்கு இவை போதும். அங்கே விளக்கேற்றி வாழப் போகின்றவர் வேறு சிலவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நான் அங்கு பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "சேர், நீங்களும் சோளகத்தோடை போயிடுவியளோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வகுப்புக்குக் கணிதங் கற்பிக்க வந்த ஆசிரியர் இருவர், ஒருவர் பின் ஒருவராக, ஆண்டு முடியுமுன்னரே சென்றுவிட்டனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர்கள் கடமையில் ஆர்வமில்லாதவர்கள் அல்லர். ஒருவர் நீர் ஒவ்வாமல் அடிக்கடி நோயுற்றார். மற்றவர் ஊரில் விட்டுவந்த குடும்பத்தின் கவலையைத் தாங்காது திரும்பினார். இருவரும் ஆயத்தமின்றி வந்தவர்கள். அதனால் ஏற்பட்ட இழப்போ அப்பிள்ளைகளுடையது. எனவே, தீவுக்குச் செல்கின்றவர் செய்யும் ஆயத்தம் அவருடைய வசதியைப் பற்றியது மாத்திரமன்று. அவர் அங்கு நிலைத்து நிற்பாரா என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது. ஆசிரியருக்குப் பொருந்துவது வைத்தியருக்கும், மருத்துவத் தாதிக்கும், கிராம அலுவலருக்கும் பொருந்தும்.

அம்மாணவன் சொன்ன சோளகம் என்பது தென்மேற்குக் காற்று. தீவுக்குப் போகின்றவர் முதலில் அறியவேண்டியது காற்றின் பஞ்சாங்கமே. வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை சோளகம் வீசும். அப்போது கடல் கொந்தளிக்கும். படகிலே திவலை தெறிக்கும். சில நாள்களிற் படகு புறப்படாது. ஐப்பசி தொடங்கி வாடைக்காற்றும் மாரி மழையும் வரும். சூறாவளிக்குரிய காலமும் இதுவே. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23 ஆம் நாள்களிற் பாக்குநீரிணையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை இப்பக்கத்து முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கின்றனர். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மாதங்களிற் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

இதிலிருந்து பெறப்படும் முதற் பாடம் யாது? ஆசிரியர் இடமாற்றங்கள் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வருவன. அவ்வேளையில் வாடை முற்றாக ஓய்ந்திராது. ஆகவே, வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் ஒரே தடவையிற் கொண்டுசெல்ல முயலுதல் கூடாது. முதற் பயணத்தில் ஒரு மாதத்துக்கு வேண்டியவற்றை மாத்திரம் எடுத்துச் செல்லுங்கள். அங்கு வாழ்ந்து பார்த்து, எவை வேண்டும் எவை வேண்டா என்பதை அறிந்த பின்னர், மாசி பங்குனியிற் பாரமான பொருள்களைக் கொண்டுசெல்லலாம். இவ்வாறு செய்வோர் பாதிப் பொருள்களை ஊரிலேயே விட்டுவிடுவர் என்பது என் அனுபவம்.

இனி, செல்லும் வழியை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடல்வழிப் பாதையூடாக வேலணையை அடைந்து, அங்கிருந்து மற்றொரு கடல்வழிப் பாதையாற் புங்குடுதீவுக்குச் செல்லவேண்டும். அதன் மேற்கு ஓரத்திலே குறிகட்டுவான் இறங்குதுறை உள்ளது. அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகிற் செல்ல ஏறக்குறைய ஒரு மணித்தியாலமாகும். நயினாதீவுக்குச் செல்லும் யாத்திரிகரும் இதே துறையிலேதான் படகேறுவர். ஆனி மாதத்து நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்திலும், நாகதீப விகாரைக்குப் பக்தர்கள் பெருந்தொகையாக வரும் நாள்களிலும் துறையிற் சன நெருக்கடி மிகும். மூட்டை முடிச்சுகளோடு செல்ல அந்நாள்கள் ஏற்றவையல்ல.

பொருள்களைக் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டியிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து படகுக்கும், படகிலிருந்து மறுகரைக்கும், அங்கிருந்து மீண்டும் வண்டிக்கும் ஒவ்வொரு பொருளும் கைமாறிச் செல்லும். ஆதலால், ஒருவர் தனியே தோளிற் சுமக்கத்தக்க பாரத்துக்கு மேற்பட்ட பெட்டி எதுவும் இருத்தலாகாது. இருபது கிலோகிராம் நல்ல அளவு. நான் எனது பழைய தேக்கமர அலுமாரியைக் கழற்றாமற் கொண்டுசென்றேன். அதனைப் படகில் ஏற்ற ஆறு பேர் வேண்டியதாயிற்று. இறக்கும்போது அதன் கதவொன்று கடலைப் பார்க்கப் போய்விட்டது. புத்தகங்களையும் பத்திரங்களையும் தடித்த பொலித்தீன் உறையில் இட்டு, வாய்கட்டி, அதன் பின்னரே பெட்டியில் வைக்கவேண்டும். நியமனக் கடிதம், அடையாள அட்டை, மருந்து, ஒரு மாற்றுடை, குடிநீர் ஆகிய ஐந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும். படகில் உயிர்காப்பு அங்கி தரப்படும்போது, கடல் அமைதியாக இருக்கின்றதே என்று அதனை மடியில் வைத்துக்கொள்ளாது அணிந்துகொள்ளுங்கள்.

தீவை அடைந்தாயிற்று. வீடு தேடவேண்டும். வீடு பார்க்கச் செல்கின்றவர் முதலிற் பார்க்கவேண்டியது வீட்டையன்று, கிணற்றையே. இவ்விடத்தில் நான் பெரும் பிழை ஒன்றைச் செய்தேன். தை மாதத்தில் ஒரு வீட்டைப் பார்த்தேன், கிணற்று நீரை அள்ளிச் சுவைத்தேன், நன்றாயிருந்தது. அன்றே முற்பணம் கொடுத்தேன். ஆடி மாதத்தில் அதே கிணற்று நீரைக் குழந்தைகள் வாயில் வைக்க மறுத்தனர். நல்ல தண்ணீர் சவர்த் தண்ணீர் ஆகிவிட்டது.

இது ஏன் நிகழ்கின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. நெடுந்தீவு சுண்ணக்கல்லால் ஆனது. அக்கல்லிலே துளைகளும் வெடிப்புகளும் நிறைய உண்டு. தீவைச் சூழ்ந்த கடல்நீர் அவற்றின் வழியே தீவின் அடியிலும் பரவி நிற்கின்றது. மாரியிற் பெய்யும் மழைநீர் நிலத்துள் இறங்கும்போது, உப்புநீரினும் பாரங் குறைந்ததாகையால், அதன்மேல் மிதக்கின்றது. அவ்வாறு மிதக்கும் நன்னீர் நடுவிலே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு மூக்குக்கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவிலே இருக்கும். நம் கிணறுகள் அந்த வில்லையின் மேற்பகுதியைத் தொடுவனவேயன்றி வற்றாத ஊற்றைத் தொடுவன அல்ல.

ஒல்லாந்தப் பொறியியலாளராகிய கைபனும், ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதற்கொரு கணக்கைக் கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நிற்கும் என்பதே அக்கணக்கு. இதை மறுபுறமாகவும் நோக்கவேண்டும். மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் அதனைப் போலப் பன்மடங்கு மேலெழ இடமுண்டு. உண்மையில் நிலத்தின் தன்மைக்கேற்ப இவ்வளவு கூடலாம், குறையலாம். ஆயினும், நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டி ஒரே மூச்சில் தொட்டியை நிரப்புகின்றவர் தம் கிணற்றுக்கு மாத்திரமன்றி அயற்கிணற்றுக்கும் கேடு செய்கின்றார் என்பதில் ஐயமில்லை.

என் அயல்வீட்டு மூதாட்டி இந்த விஞ்ஞானிகளின் பெயர்களைக் கேள்விப்பட்டவர் அல்லர். நான் சென்ற சில நாள்களுள் வேலிக்கு அப்பால் நின்று, "தம்பி, விடியப்புறமா அள்ளுங்கோ. கனக்க அள்ளினால் சவர் ஏறும்" என்று சொன்னார். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த கிணற்றில் நன்னீர் சிறிது ஊறி நிற்கும். அதனை அமைதியாக, மேலாக அள்ளவேண்டும் என்பது அவருடைய அறிவுரை. இரண்டும் ஒரே உண்மைதான். நான் அதனைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது வேலிக்கு அப்பாலே இருந்தது.

ஆதலின், வீடு பார்க்கும்போது கிணற்று நீரைச் சுவைப்பதோடு அமையாது, அது ஆடி ஆவணியில் எவ்வாறிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் மட்டுமன்றி அயலாரிடமும் கேளுங்கள். சிறிது நீரிற் சவர்க்காரத்தைக் கரைத்துப் பாருங்கள். நுரை எளிதில் எழாவிடின் நீர் கடினமானது. அந்நீர் குளிக்கவும் கழுவவும் உதவும். குடிநீருக்கு வேறு வழி தேடவேண்டும். தீவிலே சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர் பெற்றவை. உவர்நீரை நன்னீராக்கும் நிலையங்களும் அண்மைக் காலத்தில் அமைக்கப்பட்டுள்ளன. எனினும், இயந்திரம் பழுதுறும் நாளும் உண்டு. நீர் கொண்டுவரும் வாகனம் வராத நாளும் உண்டு. வீட்டிலே பத்து நாளுக்குரிய குடிநீரைச் சேமித்து வைப்பது அறிவுடைமை.

அதற்குக் கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 லீற்றர் என வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 28 லீற்றர். பத்து நாளுக்கு 280 லீற்றர். இந்நீரின் ஒரு பகுதியை வானமே தரும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். ஐம்பது சதுர மீற்றர் கூரையில் இருபது மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர். சிந்துவதும் சிதறுவதும் போக எண்ணூறு லீற்றராவது தொட்டியிற் சேரும். ஆகவே, பீலியும் மூடியுள்ள தொட்டியும் ஐப்பசிக்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முதன்மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிச் செல்லும். அதனை வெளியே விட்டுவிட்டு அதன் பின்னர் வரும் நீரைச் சேர்க்கவேண்டும். குடிக்குமுன் கொதிக்கவைத்தல் வேண்டும்.

நீரைச் சேமிக்கும்போது ஓர் ஆபத்தும் கூடவே வருகின்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு தெளிந்த நீருள்ள பாத்திரங்களிலேயே முட்டையிடும். அம்முட்டை நுளம்பாக வளர ஏழு முதல் பத்து நாள்கள் வரை போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் அழியாதிருக்கும். எனவே, தொட்டிகளையும் குடங்களையும் நெருக்கமான துணியாலோ மூடியாலோ மூடிவைத்தல் வேண்டும். அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை வாரத்துக்கு ஒருமுறை வெறுமையாக்கி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நுளம்புவலை இன்றித் தீவுக்குச் செல்லாதீர்கள்.

அடுத்து உணவு. மீன் தீவில் தாராளமாகக் கிடைக்கும். பசுப்பாலும் தயிரும் உண்டு. பனையோ கற்பகத்தரு, ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் தரும். ஒடியற்கூழ் காய்ச்சப் பழகிய குடும்பம் தீவிற் பட்டினி கிடவாது. ஆயின் அரிசி, மா, சீனி, பருப்பு, பெரும்பாலான மரக்கறி, சமையல் எரிவாயு ஆகியன கடல் கடந்தே வரவேண்டும். ஆகவே, சோளகத்திலும் மாரியிலும் பதினைந்து நாளுக்குரிய உலர் உணவு வீட்டில் இருத்தல் வேண்டும். மூட்டையாக வைத்தால் ஈரமும் வண்டும் பற்றும். இறுக மூடும் வாளிகளில் வைப்பதே நன்று. முற்றத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிடுங்கள். அதிகம் நீர் கேளாமல் வளரும். மரக்கறிப் படகு வராத நாளில் இலை தரும்.

பொருள்களைப் பாழாக்குவதிற் கடற்காற்றுக்கு நிகரானது வேறில்லை. காற்றோடு வரும் நுண்ணிய உப்பு எப்பொருளிலும் படியும். அவ்வுப்பிலுள்ள மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், வெயில் நாளிலுங்கூட இரும்பின்மேல் ஒரு நனைவு இருந்துகொண்டே இருக்கும். ஊரிற் பத்தாண்டு உழைக்கும் பூட்டு அங்கு இரண்டாண்டில் இறுகிவிடும். பித்தளைப் பூட்டும், துருப்பிடியா உருக்கு ஆணியும் விலை கூடியவையாயினும் இறுதியிற் சிக்கனமானவை. தீவு சமதரையாகையாற் சைக்கிள் சிறந்த வாகனம். அதனை வாரந்தோறும் நன்னீரில் நனைத்த துணியாற் துடைத்து, உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் பூசுதல் வேண்டும். புத்தக அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வையாது ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரமும் கறையானும் எளிதில் ஏறா.

மின்சாரம் தீவில் உண்டு. ஆயினும் பெருநிலத்திலிருந்து கம்பி வழியே வருவதன்று. டீசல் இயந்திரங்களே நெடுங்காலமாக அதனைத் தந்துவந்தன. சூரிய ஒளியையும் காற்றையும் டீசலையும் ஒருங்கிணைக்கும் மின்திட்டத்துக்கு இந்தியாவின் உதவியோடு 2022 ஆம் ஆண்டில் உடன்பாடு செய்யப்பட்டது. எவ்வாறாயினும், சூரிய ஒளியில் மின்னேற்றும் விளக்கொன்றும் கைவிளக்கொன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று. இரவிற் கைவிளக்கின்றி நடத்தல் ஆகாது. கல்வேலிகளின் இடுக்குகள் பாம்புக்கும் தேளுக்கும் உறைவிடங்கள்.

இனி, நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். தீவிலே அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆனால், பெருஞ் சத்திரசிகிச்சை வேண்டுவோர் யாழ்ப்பாணத்துக்கே கொண்டுசெல்லப்படுவர். ஆகவே, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்வோர் எப்போதும் ஒரு மாதத்துக்குரிய மருந்தை முற்கூட்டியே வைத்திருத்தல் வேண்டும். இன்சுலின் மருந்தை, மின்சாரம் நின்றவிடத்து, நீர் படாதபடி உறையிலிட்டு ஈரமான மட்பாண்டத்துள் வைத்துக் குளிர்ச்சியாகப் பேணலாம். கருவுற்ற பெண்கள் பேற்றுக்குரிய நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே குடாநாட்டுக்குச் சென்றுவிடுவது நன்று. வயிற்றோட்டம் ஏற்படின், ஜீவனிப் பொதி இல்லாதபோது, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து, தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். அக்கரைசலை நன்னீரிலேயே ஆக்கவேண்டும். சவர்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் அளவு பிழைத்துவிடும்.

நோய் தீவிலேதான் வரும் என்பதில்லை. ஓர் ஆடி மாதத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்த என் தாயார் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டதாகத் தொலைபேசியிற் செய்தி வந்தது. இரண்டு நாள்கள் காற்று ஓயவில்லை. இரு காலைகளிலும் மாவிலித்துறைக்குச் சென்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் படகேறி அவரைக் கண்டேன், அவர் தேறிவிட்டார். அந்த இரண்டு நாள்களும் அவர் அருகில் இருந்து ஆவன செய்தவர் என் ஒன்றுவிட்ட தம்பி. நான் முன்கூட்டி அவரிடம் எதையும் ஒப்படைத்திருக்கவில்லை, தாமாகவே செய்தார். அன்று கற்றது இது: தீவுக்குச் செல்லுமுன், அக்கரையில் நம் பொருட்டு நிற்க ஒருவரை ஏற்படுத்தவேண்டும். அவரிடம் வீட்டுத் திறப்பு, மருத்துவக் குறிப்புகள், அவசரச் செலவுக்குச் சிறிது பணம் ஆகியவற்றைக் கொடுத்து வைக்கவேண்டும். வயது முதிர்ந்த பெற்றோரிடமும், "காற்றடித்தால் என்னால் உடனே வர இயலாது" என்பதை முன்னரே சொல்லி விளங்கவைக்கவேண்டும். சொல்வது கடினமே. ஆயினும், சொல்லாமற் போனவர்தான் சோளகத்தோடு திரும்பி விடுகின்றார்.

இறுதியாக, பெட்டியில் வைக்கமுடியாத ஆயத்தமொன்று உண்டு. அது அவ்வூராரை அறிந்து செல்லுதல். தீவுமக்கள் வந்தேறியை உடனே சோதிப்பதில்லை; ஒரு சோளகம் வரை பொறுத்துப் பார்ப்பர். அவர்களுடைய கடலுக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், குமுதினிப் படகிற் பயணஞ் செய்த பொதுமக்கள் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அந்நாளை அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். நமக்கு அப்படகு ஒரு போக்குவரத்துச் சாதனம். அவர்களுட் சிலருக்கு அது தாயையோ தமையனையோ இழந்த இடம். இதனை அறிந்திருப்பவர் துறையில் நின்று, படகு தாமதித்ததென்று உரத்துக் குறை சொல்லமாட்டார்.

அயலாரிடம் உதவி கேட்கவும் கூச்சப்படலாகாது. நகரத்தில் யாரையும் எதிர்பாராது வாழ்வதைப் பெருமையாகக் கருதுகின்றோம். தீவிலே கிணறு தொட்டுப் படகுவரை எல்லாமே பலருக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணம் செல்கின்ற ஒருவர், போகுமுன் அயலாரிடம், "ஏதேனும் வேண்டுமோ?" என்று கேட்டுச் செல்வது அங்குள்ள வழக்கம். நானும் அவ்வாறு கேட்கத் தொடங்கிய பின்னரே அவ்வூரான் ஆனேன் என்று நினைக்கின்றேன்.

நேயர்களே, காற்றின் காலத்தை அறிதல், சிறு சுமையாகச் செல்லுதல், கிணற்றைப் பார்த்து வீடெடுத்தல், நீரையும் உணவையும் முற்கூட்டிச் சேமித்தல், அக்கரையில் ஒருவரை ஏற்படுத்துதல், இக்கரையில் அயலாரைத் தேடுதல் ஆகிய இவ்வளவே நான் கூற வந்தவை. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுக்கு உரியதன்று. இடமாற்றக் கடிதம் கையில் வந்த நாளுக்கும் படகேறும் நாளுக்கும் இடையேயுள்ள இரண்டு வாரங்களில் செய்யத்தக்கவையே.

என்னிடம் வினாவெழுப்பிய அம்மாணவன் சோளகம் வந்தபோது ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னை உற்றுப் பார்த்தான். ஆவணி கழிந்தது, புரட்டாதியும் கழிந்தது. அதன் பின்னர் அவன் அவ்வாறு பார்ப்பதை விட்டுவிட்டான். அவ்வாண்டு இறுதியில் வகுப்பேற்றத்துக்குரிய பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் வந்து, "சேர், வாற வருசம் எங்களுக்கு ஆர் படிப்பிக்கிறது?" என்று கேட்டான். நான் சொன்ன பெயர் கணித ஆசிரியர் ஒருவருடையது. அவரும் ஒரு சோளகத்தைக் கண்டு, ஒரு மாரியையும் கண்டு, போகாமல் நின்றவர்.

தீவுக்குச் செல்லுங் கட்டளை உங்களுள் எவருக்கேனும் வருமாயின், அதனைத் தண்டனையாகக் கருதாதீர்கள். ஆயத்தத்தோடு செல்லுங்கள். அங்கே உங்களை எதிர்பார்த்துப் பிள்ளைகள் இருக்கின்றார்கள்.